சிம்கோ ஏரி, பல பருவங்களுக்குப் பிறகு: எந்த மீனை நம்பலாம், எதை நம்பிப் போகக்கூடாது

கனடாவில் ரொறொன்ரோவின் ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம், 722 சதுர கிலோமீற்றர் தண்ணீர், மாரியில் உறைந்தால் வள்ளமே இல்லாமல் நடு ஏரிக்கு நடந்து போகலாம். சிம்கோவில் இத்தனை கூட்டம் சேர்வதற்கு இவ்வளவு போதும். ஆனால் புதிதாக வருபவர்கள் கலங்கல் தண்ணீருக்குப் பொருந்தும் சாமானை வாங்கிக்கொண்டு வந்து, வெறும் வாளியோடு திரும்புகிறார்கள். இந்த ஏரியின் தண்ணீர் மிகத் தெளிவு. இங்கே பலிப்பதும் பலிக்காதுபோவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

1990களில் ஸீப்ரா மட்டி வந்து பரவியது. பின்னால் குவாகா மட்டி ஆழத்தையும் பிடித்துக்கொண்டது. இரண்டும் தண்ணீரை வடித்துப் பாசியைத் தின்பவை. வெளிச்சம் கீழே இறங்கியதால் தெற்கே குக்ஸ் குடாவில் களை முன்னைவிட ஆழமான இடத்திலும் வளர்கிறது. மீனுக்கும் தங்கூசி, ஈயம், மேலே நடமாடும் நிழல் எல்லாம் தெரிகிறது. 10 ராத்தல் தாங்கும் தங்கூசி இங்கே மீனைத் துரத்தும் சாமான். பேர்ச்சுக்கு 2 முதல் 4 ராத்தல் போதும், நுனியில் ஒரு முழம் ஃப்ளூரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத தங்கூசி) இருந்தால் இன்னும் நல்லது.

நம்பி வரக்கூடிய மீன் என்றால் மஞ்சள் பேர்ச்தான். பனி பிடித்த முதல் வாரங்களில் குக்ஸ் குடாவில் 10 முதல் 20 அடிக்குள், களை இன்னும் பச்சையாக நிற்கும் இடங்களில் கிடைக்கும். களை கறுத்து அழுகத் தொடங்கினால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். பெப்ரவரியில் கூட்டம் வெளி ஏரிக்குப் போகும். ஜாக்சன்ஸ் பொயின்ற், பீவர்ட்டன் பக்கம் 25, 35 அடியில் தேடலாம். மார்ச்சில் மறுபடி கரையை நோக்கி வரும். 8ஆம் அல்லது 10ஆம் இலக்க முள், சிறு கரண்டித் தூண்டில், உயிர் இரை என்றால் எமரால்ட் ஷைனர் குஞ்சு. இரையை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து மெல்ல ஆட்டினால் போதும்.

பலரும் பிழை விடுவது துளையில். ஒரு துளையைப் போட்டு அதன்மேல் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பேர்ச் கூட்டம் ஒரு இடத்தில் நிற்காது. முதலிலேயே 6 அங்குலத் துளை பத்துப் போட்டுவிட்டு, 15 நிமிடத்துக்குள் சோனாரில் (அடியில் நிற்கும் மீனைக் காட்டும் கருவி) ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்த துளைக்கு மாற வேண்டும். சோனார் வாங்கக் காசு இல்லையென்றால் கூடாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் காசைச் சோனாருக்குப் போடுவதே எங்கள் தெரிவு. 15 அடிக்குக் குறைந்த இடத்தில் துளையைச் சுற்றியுள்ள பனித்தூளைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளக்கூடாது. அது கீழே விளக்குப் போட்டதுபோல் ஆகிவிடும். அரைத்த பனிக்கூழைத் துளைக்குள்ளேயே கொஞ்சம் விட்டு, தங்கூசிக்கு மட்டும் ஒரு ஓட்டை வைத்தால் மீன் மிரளாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதேயில்லை. பேர்ச், பாஸ், வால்ஐ மூன்றுக்கும் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் கிடையாது. 35 அடியிலிருந்து இழுத்தெடுக்கும்போது காற்று விரிந்து, வயிறு வாய்வழியாகப் பிதுங்கி வரும். அப்படிப்பட்ட மீனைச் 'சின்னது' என்று திருப்பி விட்டால் அது பனிக்கு அடியில் மிதந்தபடியே செத்துப்போகும். சின்னன்கள் மட்டுமே கடிக்கின்றன என்றால் பொறுக்கிக்கொண்டிருக்காமல் ஆழம் குறைந்த இடத்துக்கு மாறுவதுதான் வழி. லேக் ட்ரவுட்டுக்கும் வைட்ஃபிஷ்ஷுக்கும் அந்தக் குழாய் உண்டு. நிதானமாக மேலே கொண்டுவந்தால் வரும் வழியிலேயே காற்றைக் கக்கிவிடும், சோனாரில் குமிழிகள்கூடத் தெரியும். அவற்றைத் திருப்பி விடலாம், பிழைக்கும்.

லேக் ட்ரவுட் விஷயத்தில் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஏரிக்குள் வந்துசேர்ந்த பொஸ்பரஸ் பாசியைப் பெருக்கியது. அந்தப் பாசி அடியில் அழுகியபோது கோடை முடிவில் ஆழத் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து, அங்கே வளர வேண்டிய குஞ்சுகள் தப்பவில்லை. பல பத்தாண்டுகளாக இந்த மீன் பண்ணையில் வளர்த்து விடப்பட்டே நின்றுபிடிக்கிறது. 2008இல் ஏரியைக் காக்கவென்றே ஒன்ராறியோ ஒரு சட்டம் போட்டது. 2009இன் திட்டம் ஆழத்தில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசனையும் ஆண்டுக்கு 44 தொன்னுக்கு மேற்படாத பொஸ்பரஸையும் இலக்காக வைத்தது. இந்த நூற்றாண்டில் ஏரியிலேயே பிறந்த ட்ரவுட்டும் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அதை அடையாளம் காண்பது சுலபம்: பண்ணை மீனில் ஏதாவது ஒரு செட்டை வெட்டப்பட்டிருக்கும். எல்லாச் செட்டையும் முழுசாக இருந்தால் அது அநேகமாக ஏரியிலேயே பிறந்தது. அதைத் திருப்பி விடுங்கள்.

ட்ரவுட்டுக்கும் வைட்ஃபிஷ்ஷுக்கும் இடம் கெம்பென்ஃபெல்ட் குடாவும் பிக் பே பொயின்ற்றுக்கு வெளியேயும். 60 முதல் 90 அடி ஆழம். 8 அங்குலத் துளை, 6 அல்லது 8 ராத்தல் தங்கூசி, வெள்ளை நிறத்தில் 3 அங்குல ரியூப் (குழாய் வடிவ ரப்பர் இரை). வைட்ஃபிஷ்ஷின் வாய் மெல்லியது. கடித்ததும் வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். தடியை மெதுவாகத் தூக்கினாலே முள் ஏறும். ஹெரிங் என்று எல்லோரும் சொல்லும் சிஸ்கோவை 2001இல் பிடிக்கத் தடைசெய்து, 2015இல்தான் சிறு அளவோடு திறந்தார்கள். ட்ரவுட்டுக்கு அதுதான் சாப்பாடு. சட்டம் விட்டாலும் அதைக் குறிவைத்துப் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கோடையில் ஸ்மோல்மவுத் பாஸ் கொழுத்துப்போய் இருக்கிறது. காரணம் ரவுண்ட் கோபி என்ற வந்தேறி மீன். அடிப்பாறையில் ஒட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன மீனைப் பாஸ் வயிறு முட்டத் தின்கிறது. அதனால் பழுப்புப் பச்சை ரியூபைப் பாறையில் உரச இழுப்பதுதான் பலிக்கும். உங்கள் தூண்டிலில் கோபியே மாட்டினால் திருப்பி விடக்கூடாது, இரையாகவும் வைக்கக்கூடாது. பைக் மீனுக்குக் குக்ஸ் குடாவின் களை ஓரம் போதும். வால்ஐக்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

பனிக்கட்டியைப் பற்றி. ஆழம் குறைந்த குக்ஸ் குடா முதலில் உறையும், ஆழமான கெம்பென்ஃபெல்ட் கடைசியில். ஒன்றில் வாகனம் ஓடுகிறதே என்று மற்றதில் கால் வைக்கக்கூடாது. நடக்கத் தெளிந்த பனி 10 சென்ரிமீற்றராவது வேண்டும். வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டியின் பலம் அதில் பாதிதான். கரையிலிருந்து ஏரிப்பக்கம் காற்று பலமாக வீசும் நாளில் அழுத்த வெடிப்பை (பனிப்பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கி வெடித்த கோடு) தாண்டிப் போகாதீர்கள். வெடிப்பு விரிந்தால் நீங்கள் நிற்கும் பாளம் கரையை விட்டு நகரும்.

மீன்பிடி உரிமத்தில் இரண்டு வகை உண்டு. பேர்ச் நாளுக்கு முழு உரிமத்தில் 50, குறைந்த உரிமத்தில் 25. கனடாவில் குடியிருக்கும் 65 வயதுக்காரருக்கு அரச அடையாள அட்டையே போதும். ஆனால் ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்கு 70 வயதானாலும் உரிமம் எடுக்கத்தான் வேண்டும். மற்ற மீன்களின் அளவும் திகதியும் மாறக்கூடியவை, ஒவ்வொரு வருடமும் மாகாணத்தின் கையேட்டைப் பார்க்க வேண்டும். மீனை வெட்டிக் கொண்டுபோனால் தோலை உரிக்காதீர்கள். எந்த மீன், எத்தனை என்று அதிகாரி எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே கட்டியாக உறைந்த பையை எண்ண முடியாது.

சமைக்க, 8 முதல் 10 அங்குலப் பேர்ச்சுக்கு ஈடில்லை. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி முறுகப் பொரித்தால் போதும். குழம்பில் போட்டால் சதை கரைந்துவிடும். குழம்புக்கு வைட்ஃபிஷ் தாங்கும். பெரிய ட்ரவுட்டில் பாதரசம் சேர்ந்திருக்கும், அதைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம்.