நியூலிப்-நேனோ: 64 கேபி ஃப்ளாஷில் நீண்டநாள் பயன்பாடு

எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் ஃப்ளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்) 64 கேபி, ராம் 20 கேபி. இதற்குள் சி மொழியில் வேலை செய்ய, சி-யின் அடிப்படை லைப்ரரியான நியூலிப்பின் சிறிய வடிவம் நியூலிப்-நேனோவைத்தான் இன்றும் பரிந்துரைப்பேன். ஆனால் லைப்ரரியை மாற்றியதோடு பைனரி சிறுத்துவிடாது.

கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக்கும் லிங்கர் ஒரு ஃபங்ஷனைத் தேடிப்போனால், அது இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்பையே எடுத்து வரும். அந்தக் கோப்புக்குத் தேவையானவையும் பின்னாலேயே வரும். லிங்கர் எழுதித் தரும் மேப் கோப்பின் முதல் பகுதியில் எந்த ஆப்ஜெக்டை யார் கேட்டார்கள் என்று வரிவரியாக இருக்கும். அளவு திடீரென ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சைஸ் கட்டளையில் டெக்ஸ்ட்டும் (நிரல்) டேட்டாவும் (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) சேர்ந்தது ஃப்ளாஷ்; டேட்டாவும் பிஎஸ்எஸ்ஸும் (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகள்) சேர்ந்தது ராம். டீபக் தகவலால் கோப்பு பெருத்தால் கவலை வேண்டாம், அது சிப்புக்குப் போகாது.

நேனோவைத் தேர்ந்தெடுக்கும் நேனோ ஸ்பெக்ஸ் ஆப்ஷன் லிங்க் வரியில் கட்டாயம் இருக்க வேண்டும். கம்பைல் வரியில் மட்டும் கொடுத்தால் முழு நியூலிப்தான் சேரும், எச்சரிக்கையும் வராது. ஜிசி-செக்‌ஷன்ஸ் என்ற, பயன்படாத பகுதிகளைக் கழிக்கும் ஆப்ஷனைப் போடுகிறவர்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் வெக்டர் டேபிளை (சிப் எழும்போது முதலில் படிக்கும் முகவரிப் பட்டியல்) கீப் என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் லிங்கர் அதையும் குப்பையென்று கழித்துவிடும், போர்டு எழும்பாது.

பெரிய தொல்லை தசம எண்கள்தான். நேனோவின் பிரிண்ட்எஃப் இயல்பாக %எஃப்-ஐ அச்சிடாது. அந்த வசதியைத் தனி ஆப்ஷனில் கேட்டு வாங்கினால் பல கேபி ஏறும். இந்தச் சிப்பின் கார்டெக்ஸ்-எம்3 ப்ராசஸரில் தசமக் கணக்குக்கு வன்பொருள் இல்லாததால் அதற்கான மென்பொருள் ரூட்டீன்களும் கூடவே வரும். தசம மாற்றத்துக்கு உள்ளே மாலக் (ஹீப் என்ற பகுதியிலிருந்து நினைவகம் கேட்பது) நடக்கிறது, ஹீப் போதாவிட்டால் அச்சு கெடும். ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) டாஸ்க்கின் ஸ்டாக் 8 பைட் எல்லையில் இல்லாவிட்டாலும் தவறான எண் வரும்.

வெப்பநிலையை நூறால் பெருக்கி முழு எண்ணாக வைத்து, 2357-ஐ 23.57 என்று பிரித்து அச்சிடுவது எவ்வளவோ மேல். குறியை மட்டும் தனியாக அச்சிடுங்கள்: -5-ஐ நூறால் வகுத்தால் 0 வரும், கழித்தல் குறி காணாமல் போகும்.

64 பிட் எண்ணுக்கும் நேனோ உதவாது. %எல்எல்டி கொடுத்தால் எண் வராது; அடுத்துள்ள மதிப்புகளும் இடம் மாறிவிடும். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு 32 பிட் ஹெக்ஸாக அச்சிட்டால் போதும்.