ஒரு போருக்கு எத்தனை தலை? மலாயா, சைகோன், பாக்தாத், காபூல்

2009 கடைசியில் வாஷிங்டனில் மாதக்கணக்கில் நடந்த ஆப்கானிஸ்தான் விவாதம் ஒரு எண்ணைச் சுற்றியே ஓடியது. அங்கே போரை நடத்திய அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டல் கூடுதலாக 40,000 துருப்புகள் கேட்டார், துணை அதிபர் பைடன் அவ்வளவு வேண்டாம் என்றார், கடைசியில் டிசம்பர் 1 அன்று ஒபாமா 30,000 என்று அறிவித்து, 2011 ஜூலையில் படையைத் திரும்ப அழைக்கத் தொடங்குவோம் என்று தேதியும் குறித்துவிட்டார். எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: போர் நடக்கும் நாட்டில் தளபதியும் தன் நாட்டுத் தூதரும் முரண்பட்டால் யார் சொல் நிற்கும்? கிளர்ச்சியை அடக்கும் போரில் துப்பாக்கி பாதி வேலைதான். மீதி வேலை போலீஸ், நீதிமன்றம், பள்ளிக்கூடம், ரோடு. இந்த இரண்டு பாதியையும் யார் கையில் கொடுப்பது என்பதில் நான்கு ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மலாயாவில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை பிரிட்டிஷ் ஆட்சி அடக்கிய போரில், எல்லாம் ஒரே கை. அங்கே 1950இலேயே ஜெனரல் பிரிக்ஸ் நல்ல திட்டம் வகுத்துவிட்டார், காட்டோரம் சிதறிக் கிடந்த லட்சக்கணக்கான மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றுவது உட்பட. ஆனால் அவருக்கு ஒருங்கிணைக்கத்தான் அதிகாரம், உத்தரவிட இல்லை. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஆட்சித் தலைவரான ஹை கமிஷனர் கர்னி சாலையில் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 1952 பிப்ரவரியில் வந்து இறங்கிய டெம்ப்ளரிடம் ஹை கமிஷனர் பதவி, ராணுவ நடவடிக்கைகளின் இயக்குநர் பதவி இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். அடுத்த மாதமே தஞ்சோங் மாலிம் பக்கத்தில் 12 பேர் கொல்லப்பட்டதும் அவர் நேரில் போய், ஊருக்கு ஒரு நாளில் 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசிப் பங்கையும் குறைத்தார். அப்புறம் வீடு வீடாகத் தாள் கொடுத்து, கிளர்ச்சிக்காரர்களைப் பற்றித் தெரிந்ததை எழுதச் சொல்லி, பூட்டிய பெட்டிகளில் வாங்கி கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரே கையில் அதிகாரம் இருந்தால் வேகம் கிடைக்கும் என்பதற்கு இதுதான் சாட்சி. குற்றம் செய்யாதவனின் சோற்றிலும் கைவைக்கலாம், தடுக்க ஆளிருக்காது என்பதற்கும் இதே சாட்சி. எப்படியும் இது காலனி ஆட்சியில் மட்டும் நடக்கக்கூடிய வழி. இன்னொரு நாட்டில் அதிபர் என்று ஒருவர் இருக்கும்போது, வெளியிலிருந்து வந்தவர் கவர்னராக உட்கார முடியாது.

வியட்நாமில் செய்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு. 1967 மே மாதம் கோர்ட்ஸ் (CORDS) என்ற அமைப்பை உருவாக்கி, தூதரகம், உதவி நிறுவனம், ராணுவம் என்று கிராமப்புறத்தில் தனித்தனியே வேலை பார்த்த அமெரிக்கர்களை ஒரே வரிசையில் கொண்டுவந்தார்கள். தலைவர் ராபர்ட் கோமர் ராணுவத்துக்காரர் இல்லை. ஆனால் தூதர் அந்தஸ்தோடு, தளபதி வெஸ்ட்மோர்லண்டுக்கு நேரடித் துணையாக உட்கார்ந்தார். இந்த ஒழுங்கு கீழ்மட்டம் வரைக்கும் போனது. ஒரு மாகாணத்துக்கு மூத்த ஆலோசகர் ராணுவ அதிகாரி என்றால் அவருக்குத் துணை பெரும்பாலும் சிவிலியன், மேலே சிவிலியன் என்றால் கீழே ராணுவம். ஒருவர் மற்றவரின் பணி மதிப்பீட்டையே எழுத வேண்டியிருந்ததால், முறைத்துக்கொண்டு திரிய முடியாது. குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் மாதாமாதம் தரம் போடும் கணக்கு, மேலே போகப் போக உண்மையைவிட அழகாகிவிட்டது. 1975இல் சைகோனுக்குள் நுழைந்தது கிராமத்துக் கொரில்லா இல்லை, வட வியட்நாமின் டாங்கிகள். அதற்குக் கோர்ட்ஸிடம் பதில் கிடையாது.

பாக்தாத்தில், 2007இல், இரண்டு தலை. அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸ் பிப்ரவரியில் வந்தார், தூதர் ரயன் கிராக்கர் மார்ச் கடைசியில். ஒருவருக்கு ஒருவர் மேலதிகாரி இல்லை. ஒரே உறையில் இரண்டு கத்தி என்றுதான் தோன்றும், ஆனால் பிரதமர் மாலிகியைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போனார்கள், போர்த்திட்டத்தில் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள், செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். இதை இரண்டு நல்ல மனிதர்களின் நட்பு என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். நட்பு உண்மைதான், ஆனால் இருவரும் வாரத்துக்கு ஒருமுறை காணொளியில் அதிபர் புஷ்ஷிடம் நேரே பேசினார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது. தகராறு வந்தாலும் தீர்ப்புக்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

சரி, காபூல். தளபதி மெக்கிரிஸ்டல், தூதர் ஐகன்பெரி, நேட்டோவுக்கு ஒரு சிவில் பிரதிநிதி, ஐநாவுக்கு ஒருவர், இவர்களுக்கு மேலே வாஷிங்டனிலிருந்து வந்து வந்து போகும் சிறப்புப் பிரதிநிதி ஹோல்புரூக். ஐகன்பெரி அதே நாட்டில் 2005 முதல் 2007 வரை படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல். முன்னாள் ஜெனரலைத் தூதராக்கினால் தளபதியோடு ஒத்துப்போவார் என்று கணக்குப் போட்டிருந்தால், அது தலைகீழாகப் போனது. தொழில் தெரிந்தவர் என்பதால்தான் தளபதியின் திட்டத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. 2009 நவம்பரில் அவர் அனுப்பிய இரண்டு தந்திகளில், ஆப்கான் அதிபர் கர்சாய் நம்பத்தக்க கூட்டாளி இல்லை, படையைக் கூட்டினால் ஆப்கானியர் அமெரிக்காவைச் சார்ந்திருப்பதுதான் கூடும் என்று எழுதினார். நான் சொல்வேன், அவர் எழுதியது சரி. ஆனால் பக்கத்தில் இருந்த தளபதிக்கு அது அதிர்ச்சியாக வந்தது. 2010 ஜனவரியில் அந்தத் தந்திகள் செய்தித்தாளில் முழுசாக வெளிவந்தன. கர்சாயைப் பற்றி இப்படி எழுதியவர் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, அந்தத் தூதர் எந்த முகத்தோடு அரண்மனைக்குள் போவார்? கர்சாய் தளபதியையே நம்பினார், ஜூனில் அந்தத் தளபதியும் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் பதவி இழந்தார்.

இதன் விலை, தலிபான் பிடியில் இருந்த மார்ஜாவில் தெரிந்தது. 2010 பிப்ரவரியில் படை உள்ளே போனதும், பெட்டியில் தயாராக வைத்த அரசாங்கத்தை இறக்கிவிடுவோம் என்று மெக்கிரிஸ்டல் சொல்லியிருந்தார். படை இறங்கியது, நீதிபதியும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை. மே மாதத்துக்குள் மெக்கிரிஸ்டலே மார்ஜாவை ரத்தம் கசியும் புண் என்றார். அந்தப் பெட்டியை நிரப்ப வேண்டியவர்கள் எவரும் தளபதியின் கீழ் இல்லை, தூதருக்கோ அந்தத் திட்டத்தில் நம்பிக்கையே இல்லை.

நான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் கோர்ட்ஸ்தான். பாக்தாத் ஏற்பாடு ஆளை நம்பியது, ஆள் மாறினால் கதை மாறும். அமெரிக்காவுக்கும் இது புரியாமல் இல்லை. அதனால்தான் காபூலில் மெக்கிரிஸ்டலுக்குப் பிறகு பெட்ரேயஸை அனுப்பினார்கள், ஐகன்பெரிக்குப் பிறகு கிராக்கரை அனுப்பினார்கள். பெட்ரேயஸ் பொறுப்பை ஒப்படைத்தது 2011 ஜூலை 18. கிராக்கர் பதவியேற்றது ஒரு வாரம் கழித்து, ஜூலை 25. படைக்குறைப்பு அதே மாதம் தொடங்கியது.