பசிக்கு எது, மும்பையின் வடா பாவா, வியட்நாமின் பான் மீயா? இரண்டுமே ரொட்டிக்குள் எதையாவது திணித்து விற்கும் தெருத் தீனி.
ரெண்டுக்கும் ரொட்டி வெளியாட்கள் கொண்டுவந்ததுதான்: வடா பாவின் பாவ் ரொட்டி போர்த்துகீசியரால், பான் மீயின் நீள ரொட்டி பிரெஞ்சுக்காரரால். 1954-ல் வியட்நாம் இரண்டாகப் பிரிந்ததும் வடக்கிலிருந்து தெற்கே சைகோன் நகரத்துக்கு வந்தவர்களில் சிலர், தட்டில் தனித்தனியாக வைத்துத் தின்ற ரொட்டி, ஈரல் விழுது, இறைச்சியை ஒன்றாகத் திணித்து, புளிக்காடியில் ஊறிய கேரட், முள்ளங்கி, கொத்தமல்லி, மிளகாயும் சேர்த்து, நடந்துகொண்டே தின்னும்படி விற்றார்கள். வடா பாவ் அவ்வளவு மெனக்கெடாது. 1966 வாக்கில் மும்பையின் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா தொடங்கியதாகச் சொல்வார்கள். ஷிப்டுக்கு ஓடும் மில் தொழிலாளிக்கு உருளைக்கிழங்கு வடை, காய்ந்த பூண்டுச் சட்னி, அவ்வளவுதான். பான் மீயில் ருசி அதிகம், சரி. ஆனால் பசிக்கு என் ஓட்டு வடா பாவுக்குத்தான், அதுவும் வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்ததாக இருந்தால்.