இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்: போர் தண்ணிக்குத் தாங்குமா, சிறுவாணிக்கு ஒத்துவருமா?

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். கொங்குப் பக்கத்து வீடுகளில் மீன் தொட்டி என்றால் பெரும்பாலும் இந்த அளவுதான். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். மணலும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். குப்பி, மோலி, பிளாட்டி, இறால் வளர்க்க, நாலு செடி வைக்க இந்தத் தொட்டிக்கு எந்த ஃபில்டர் என்று கேட்டால், இரண்டு பஞ்சு உருளை வைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரைத்தான் சொல்வோம். பெயர் தெரியாத கம்பெனி மாடலே போதும். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். சுமாராக 200 முதல் 350 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏர் மோட்டார் தனி.

வேலை செய்யும் விதம் எளிது. மோட்டாரிலிருந்து வரும் காற்று நடுக்குழாயில் குமிழியாக மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் அழுக்குத் தண்ணீர் பஞ்சு வழியாக உள்ளே வரும். பஞ்சின் துளைகளில் குடியேறும் பாக்டீரியா மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அழுக்கைப் பிடிப்பது கூடுதல் லாபம். பாக்டீரியாவுக்கு வீடு கொடுப்பதுதான் இதன் முக்கிய வேலை.

நம்ம ஊர்த் தண்ணீரில் இந்த விஷயம் ஏன் இன்னும் முக்கியம் என்று பார்க்கணும். பல்லடம், காங்கயம், அவிநாசிப் பக்கம் பல போர்களில் சப்பைத் தண்ணிதான். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுவதும், பி.எச். (அமில-கார அளவு) 8-ஐத் தொடுவதும் சாதாரணம். அம்மோனியா எல்லாமே ஒரே அளவு விஷம் கிடையாது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறரைப் பங்கு விஷமாகிவிடும். அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு. கோவையில் குழாயில் வரும் சிறுவாணி அணைத் தண்ணீரில் தாக்குப்பிடித்த மீன், போர் தண்ணித் தொட்டியில் அதே அளவு தீனிக்குச் செத்துப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். பாக்டீரியா நன்றாகப் பிடித்த ஸ்பாஞ்ச் இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

சிறுவாணித் தண்ணீருக்கு வேறு சிக்கல். அது மென்மையான தண்ணீர், பி.எச்.-ஐச் சரியவிடாமல் பிடித்து வைக்கும் கார்பனேட் குறைவு. ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போதும் பாக்டீரியா சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். தண்ணீரை மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பி.எச். திடீரென்று சரியும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். ஒரு கைப்பிடி உடைத்த கிளிஞ்சலையோ பவளத் துண்டையோ வலைப்பையில் போட்டு, குமிழி வரும் இடத்தில் தொங்கவிட்டால் போதும். போர் தண்ணித் தொட்டிக்கு இது வேண்டியதே இல்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. புதுப் பஞ்சு மிதக்கும். தண்ணீருக்கு அடியில் வைத்துப் பத்துப் பதினைந்து முறை நன்றாகப் பிழிந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். அப்படியும் ஓரிரு நாள் தூக்கும். அடிப்பாகத்தில் எடை வைத்த மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ரப்பர் கப் ஒட்டும் மாடலை நம்பாதீர்கள். சில மாதத்தில் ரப்பர் இறுகிக் கழன்றுவிடும்.

மோட்டாரைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பது நல்லது. ஸ்டாண்டுக்குக் கீழேதான் இடம் என்றால் நான்-ரிட்டர்ன் வால்வ் கட்டாயம். இருபது ரூபாய்ச் சாமான். அது இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும். வால்வில் அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கணும். சந்தேகம் இருந்தால் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போகும்.

சத்தம்தான் இந்த ஃபில்டரின் பெரிய குறை. பெட்டியில் வந்தபடி மாட்டினால் பெரிய பெரிய குமிழியாக 'பொளக் பொளக்' என்று அடிக்கும், படுக்கையறைக்கு ஆகாது. நடுக்குழாயின் அடியில் ஒரு சின்ன ஏர் ஸ்டோனைச் செருகிவிட்டால் குமிழி பொடியாகும். சத்தமும் பாதிக்கு மேல் குறையும், தண்ணீர் இழுப்பும் கூடும். கடைகளில் 'இதுக்குக் கல்லு வேண்டாங்க' என்பார்கள். போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் போர் தண்ணியில் இந்தக் கல்லில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து இரண்டு மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் மறுபடி ஓடும்.

கழுவும் முறையில்தான் பலருடைய தொட்டி கெட்டுப்போகிறது. பஞ்சை முனிசிபாலிட்டிக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று அலசினால், குளோரின் பட்டு பாக்டீரியா செத்துப்போகும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் வைத்து, அதற்குள் நாலைந்து முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கட்டும். இரண்டு பஞ்சையும் ஒரே நாளில் கழுவாதீர்கள்: இந்த வாரம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து அடுத்தது. இரட்டைப் பஞ்சு மாடலைச் சொல்வதே இதற்காகத்தான். சோப்பு, வெயிலில் காயவைப்பது இரண்டும் கூடவே கூடாது. இன்னொன்று: பஞ்சைத் தூக்கும்போது அழுக்கெல்லாம் தொட்டியிலேயே கொட்டும். தண்ணீருக்குள்ளேயே ஒரு பாலிதீன் பையை அடியில் கொண்டுபோய் மூடி, பையோடு வெளியே எடுங்கள்.

புதுத் தொட்டியில் பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியின் பஞ்சைப் பிழிந்த பழுப்புத் தண்ணீரைப் புதுப் பஞ்சின் மேல் ஊற்றினால் காலம் கணிசமாகக் குறையும். அதுவரை மூன்று நாலு மோலி மட்டும், தீனி நாளுக்கு ஒருவேளை, வாரம் இரண்டு முறை கால்பங்கு தண்ணீர் மாற்றம்.

செடி வைத்திருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும். ஹார்ன்வொர்ட் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். வாலிஸ்னேரியா கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் என்பதால் போர் தண்ணிக்கு இதைவிட நல்ல செடி கிடையாது. ஃபில்டர் குழாய் கண்ணை உறுத்தினால் ஜாவா ஃபெர்னை நூலால் அதிலேயே கட்டிவிடுங்கள், சில மாதத்தில் மறைத்துவிடும். ஆனால் சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் தொட்டிக்கு இது வேண்டாம். குமிழி மேற்பரப்பைக் கலக்கி, காசு கொடுத்துக் கரைத்த வாயுவை வெளியே தள்ளிவிடும்.

ஈரோடு, கரூர்ப் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. குமிழி மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பது அப்போது கைகொடுக்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் போர் தண்ணியால் நிரப்பாதீர்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் நிறுத்தும் நாளிலும் இது சமாளிக்கும். மோட்டார் 3 வாட்தான். மாதம் முழுக்க ஓடினாலும் இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும். வீட்டு இன்வர்ட்டருக்கு இது ஒரு பாரமே இல்லை. இன்வர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், அன்றைக்குத் தீனி போடாதீர்கள்.

கோல்டு ஃபிஷ், ஆஸ்கார் வளர்ப்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். அவை போடும் கழிவுக்கு இந்தப் பஞ்சு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ரொம்ப ஆழமான தொட்டிக்கும் சின்ன மோட்டாரின் அழுத்தம் பற்றாமல் போகலாம்.

பஞ்சு வருடக்கணக்கில் உழைக்கும். பிழிந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் தொய்ந்துபோனால் மாற்ற வேண்டிய நேரம். அப்போதும் ஒரு பக்கப் பஞ்சை மட்டும் மாற்றுங்கள். மற்றதை ஒரு மாதம் கழித்துக் கழற்றலாம்.