கூரைப் பீலிக்கான இலைத்தடுப்பு வலைகள்: ஒரு மாரிகால மதிப்பீடு

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உதிரும் சருகுகளில் பெரும்பகுதி வீட்டுக் கூரைப் பீலிகளில் சென்று தங்கிவிடுகிறது. ஐப்பசியில் முதற் பெருமழை விழுந்து, நீர் பீலியின் விளிம்பைத் தாண்டி கூரை விளிம்பில் அடிக்கப்பட்ட வலன்ஸ் பலகையையும் சுவரையும் நனைக்கும்போதுதான் அது பலருடைய கண்ணிலும் படுகிறது. இதற்குத் தீர்வாக ஹார்ட்வெயார் கடைகளில் விற்கப்படும் இலைத்தடுப்பு வலைகளில் இருவகையை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் பொருத்தி, ஒரு மாரிகாலம் முழுவதும் கவனித்த பின்னரே இதை எழுதுகிறேன். முன்பக்கப் பீலியில் சுருளாக விற்கப்படும் கறுப்புப் பிளாஸ்டிக் வலையையும், பின்பக்கப் பீலியில் எவர்சில்வர் நுண்வலையையும் இட்டோம். இரண்டு பீலிகளும் பிவிசியினால் ஆனவை.

பிளாஸ்டிக் வலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. விலை மலிவு, கத்தரிக்கோலால் வெட்டலாம், ஏணியில் நின்றபடி ஒருவரே பொருத்திவிடலாம். மாவிலையையும் பலாவிலையையும் அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் எங்கள் முன்முற்றத்தில் நிற்பவை வேம்பும் முருங்கையும். ஒரு விரல்நுனி புகக்கூடிய அதன் கண்களின் வழியே முருங்கையின் சிற்றிலைகள் மழைநீரோடு தடையின்றி உள்ளே இறங்கிவிட்டன. வேப்பிலைக் காம்புகளோ பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கண்களில் செருகி நின்று, பின்னால் வந்த சருகுகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டன. மழை ஓய்ந்த ஒரு காலையில் வலையைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் விரற்கடை உயரத்துக்குக் கரிய சேறு படிந்திருந்தது. அதில் வேப்பங்கொட்டை ஒன்று முளைவிட்டு இரண்டு இலைகளும் விட்டிருந்தது. வலை இல்லாத பீலியாக இருந்தால் அந்தச் சேற்றைக் கையால் அள்ளி எறிந்திருக்கலாம். வலை இருந்தபடியால் அதை முதலில் கழற்ற வேண்டியிருந்தது. வெயில் பட்ட இடங்களில் அது முறுகி, கழற்றும்போதே ஒடிந்துபோயிற்று.

எவர்சில்வர் நுண்வலை வேறு தரத்தைச் சேர்ந்தது. அதன் கண்கள் மாவரிக்கும் அரிதட்டின் கண்களைப் போல நுண்ணியவை என்பதால், முருங்கையிலை மட்டுமன்றிச் சவுக்கு ஊசிகளும் மேலேயே தங்குகின்றன. காய்ந்தபின் காற்று அவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடுகிறது. பருவம் முடிந்தபின் பீலிக்குள் மெல்லிய மண்படிவு மட்டுமே காணப்பட்டது. குறையும் இல்லாமல் இல்லை. கச்சான் காலத்துப் புழுதியும் கடற்காற்றின் உப்பும் வலையில் படிந்து கண்களை அடைத்திருந்ததால், முதல் மழையில் நீர் உள்ளே இறங்காமல் வலையின் மேலாக வழுக்கி ஓடி முற்றத்தில் கொட்டியது. நீண்ட கைப்பிடியுள்ள தூரிகையால் ஒருமுறை தேய்த்த பின்னரே அது சீராக வேலை செய்தது. இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மூலையில் மட்டும், நீர் ஒரே இடத்தில் வேகமாக வந்து விழுவதால், கடுமழையின்போது இப்போதும் தாண்டி விழுகிறது.

இங்கு கேள்வி நீரின் அளவைப் பற்றியது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 93 லீற்றர் நீர் சேரும். கார்த்திகை, மார்கழியில் நாளொன்றுக்கு 100 மில்லிமீற்றர் பெய்வது நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட நாளில் 1,000 லீற்றர் தாங்கி ஒன்பதை நிரப்பக்கூடிய நீர் அந்தப் பீலி வழியாகவே இறங்கியாக வேண்டும். பீலிக்குப் பத்து அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இல்லாவிட்டால் எந்த வலையும் உதவாது. நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதையும், வலையால் மூடிய பீலியில் தேங்கும் நீர் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். எங்களுக்குப் பொருத்திய பாஸ், "ஐயா, முதல்ல வாட்டத்தைச் சரிபார்ப்பம், வலையைப் பிறகு பார்ப்பம்" என்று சொல்லி, நீர்மட்டக் குழாயைப் பிடித்த பின்னரே வேலையைத் தொடங்கினார். அவருடைய கூலி முழுவதும் அந்த ஒரு செயலுக்கே தகும்.

நுண்வலையின் பொதியில், பீலியில் பனிக்கட்டி உறைவதையும் இது தடுக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நமக்கு அது தேவையற்றது. ஆனால் டொரொன்ரோவில் உள்ள உறவினருக்கு இதையே வாங்கி அனுப்பலாமா என்று கேட்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன், அந்த வாசகத்தை நம்ப வேண்டாம். குளிர்நாடுகளில் வீட்டின் வெப்பம் மேலே கசிந்து கூரைப் பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. உருகிய நீர் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் குளிர்ந்த கூரை விளிம்புக்கு வந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கிறது. அதற்கு மருந்து கூரைக்கு அடியில் வெப்பம் கசியாமல் அடைப்பதும் காப்பிடுவதும், அங்கே காற்றோட்டம் அமைப்பதும்தான். சருகு அடைக்காமல் இருந்தால் உருகிய நீர் இறங்க வழி கிடைக்கும், அவ்வளவே; வலையின் மேலேயே பனி உறைவதும் உண்டு.

பொருத்தும் ஆணிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வலையுடன் தரப்படும் திருகாணிகள் சாதாரண இரும்பு. கடலுக்கு அருகில் அவை ஒரே மாரியில் துருவேறி, வெள்ளைப் பீலியில் செந்நிறக் கோடுகளாக வழிந்துவிட்டன. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி நமது மாவட்டக் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள், துருத்தின்ற திருகாணியை நம்பிக் கூரையோரத்தில் உலோகத் தகட்டை விட்டுவைக்க மாட்டார்கள். எவர்சில்வர் திருகாணிகளைத் தனியாக வாங்குவதே நல்லது.

மாவும் பலாவும் மட்டும் நிற்கும் வளவுகளுக்குப் பிளாஸ்டிக் வலையே போதும்; வெயிலில் முறுகுவதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். வேம்பு, முருங்கை, சவுக்கு நிற்கும் இடங்களில் அதை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். பல மடங்கு விலையானாலும் நுண்வலையையே நான் பரிந்துரைப்பேன். கடைக்குப் போகுமுன் பீலியின் வாயகலத்தை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய வலையைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.