ஒலிம்பஸ் பென்-எஃப்: மைத்தானி போட்ட கணக்கு என்ன ஆயிற்று?

2016-ல் வந்த ஒலிம்பஸ் பென்-எஃப் டிஜிட்டல் கேமரா இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கிறது. வாங்கலாமா என்று கேட்டால், நல்ல கேமரா, வாங்குங்கள் என்பேன். ஆனால் கேட்கிறவர்களில் பாதிப் பேர், பழைய பென் கேமராக்களை வடிவமைத்த யோஷிஹிசா மைத்தானியின் வாரிசு இது என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டியிருக்கிறது. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓடவைப்பது என் தொழில். பென் கேமராவின் உள்ளே பார்த்தவனுக்கு, வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து வாரிசுச் சான்றிதழ் கொடுக்க மனம் வராது.

மைத்தானி 1956-ல் ஒலிம்பஸில் சேர்ந்தவர். வாசெடா பல்கலைக்கழகத்துப் படிப்பு, கையில் சொந்தமாக ஒரு லைகா, விலை உயர்ந்த ஜெர்மன் கேமரா. புதிதாக வந்த பையனிடம் ஒரு கேமரா வடிவமைத்துப் பார் என்று சொன்னபோது, அவர் முதலில் தீர்மானித்தது விலையை: 6,000 யென். அன்றைக்கு ஒலிம்பஸின் மலிவான கேமராவே அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். சம்பளக்காரர் யாரும் யோசிக்காமல் வாங்கக்கூடிய கேமரா வேண்டும், ஆனால் படம் தன் லைகாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வெட்கப்படக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக நடக்க ஒரே வழி, இருக்கிற பணத்தை லென்ஸில் கொட்டிவிட்டு மற்ற எல்லாவற்றிலும் கையைச் சுருக்குவது.

1959-ல் வந்த முதல் பென்னைத் திறந்தால் இந்தக் கணக்கு கண்ணெதிரே தெரியும். முன்னால் 28 மி.மீ. எஃப் 3.5 டி. சுய்கோ லென்ஸ். டெஸ்ஸார் என்ற பெயர்பெற்ற லென்ஸ் அமைப்பின் வகை, நான்கு கண்ணாடிகள், மூன்று தொகுதி. அந்த விலைக்கு அது ராஜபோகம். பின்பக்கம் வாருங்கள்: ஃபிலிம் ஓட்ட லீவர் கிடையாது. கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பல்சக்கரத்தின் விளிம்பு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். விரலால் தள்ளினால் ஃபிலிம் நகரும், ஷட்டரும் தயாராகிவிடும். பின்மூடிக்குக் கீல் இல்லை, அடித்தகட்டோடு சேர்ந்து முழுதாகக் கழன்று வரும். ஷட்டர் வேகம் 1/25, 1/50, 1/100, 1/200, இவை தவிர, பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை எடுத்துவிட்டு, எடுத்த இடம் தெரியாதபடி அந்த மனிதர் பூசி மெழுகியிருக்கிறார். பல வருஷமாக இந்தக் கேமராவைக் கழற்றி மாட்டுகிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அளவுக்கும் அதே கணக்குதான். 35 மி.மீ. ஃபிலிமில் வழக்கமான ஃபிரேமைப் பாதியாக்கி 18க்கு 24 மி.மீ. ஆக்கினார். லென்ஸ் சிறுத்தது, கேமரா சட்டைப்பைக்குள் போனது, 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம் வந்தது. லென்ஸ் குட்டையானதால் முன்னும் பின்னும் நிறைய தூரம் தெளிவாக விழும், தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்தாலே போதும். ஒரே முடிவு நாலு சிக்கலைத் தீர்க்கிறது. ஒலிம்பஸின் சொந்தத் தொழிற்சாலை இதைத் தயாரிக்க மறுத்து, முதலில் வெளியில் கொடுத்துச் செய்தார்கள். பிறகு இந்த ஹாஃப் ஃபிரேம் வரிசை மொத்தம் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்றது.

சரி, பென்-எஃப் வேறு கதை அல்லவா என்று கேட்கலாம். நியாயம். 1963-ல் வந்த பென் எஃப், லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் வகை), விலையும் அதற்குத் தக்கபடி. ஆனால் அதிலும் மைத்தானியின் புத்தி அப்படியே இருக்கிறது. எஸ்.எல்.ஆர். என்றால் தலையில் பிரிசம் வைத்த மேடு இருக்கும். அவர் கண்ணாடியை மேலும் கீழும் தூக்காமல் பக்கவாட்டில் திரும்பவைத்து, வெளிச்சத்தை உடலுக்குள்ளேயே சுற்றிவிட்டு, இடது ஓரத்தில் உள்ள வ்யூஃபைண்டருக்குக் கொண்டுவந்தார். மேடு போயிற்று, தலை தட்டையாயிற்று. ஷட்டருக்குத் துணித்திரை வேண்டாம் என்று டைட்டானியத் தகடு ஒன்றைச் சுழலவிட்டார். அதனால் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். அந்த வடிவம் அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல, உள்ளே நடக்கிற வேலையின் தோல் அது.

இப்போது 2016-ன் கேமராவைக் கையில் எடுங்கள். அழகு, மறுக்க வழியில்லை. உடம்பில் எங்கே தேடினாலும் ஒரு ஸ்க்ரூ தலை கண்ணில் படாது. கேமரா கழற்றுகிறவனாக இதைப் பார்த்து எனக்கு மலைப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. ரீவைண்ட் குமிழ் இருந்திருக்கவேண்டிய இடத்தில், அதே மாதிரி வரிவரியாகக் கடைந்த ஆன்-ஆஃப் குமிழ். ஷட்டர் பட்டனில் பழைய கேபிள் ரிலீஸைத் திருகி மாட்டலாம். திரையைத் திருப்பி மூடிவிட்டால் பின்பக்கமும் தோல் பாவிய ஃபிலிம் கேமரா ஆகிவிடுகிறது. எதிலும் அலட்சியம் இல்லை. செய்தவர்கள் பழைய பென் எஃபை மேஜையில் வைத்து, அணு அணுவாகப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் முன்பக்க டயலைப் பாருங்கள். 1963 கேமராவில் அதே இடத்தில் இருந்தது ஷட்டர் வேகத்துக்கான டயல். படம் எடுக்கிறவன் ஓயாமல் தொடுகிற டயல், அதனால் விரலுக்கு எட்டும் முன்பக்கத்தில் வைத்தார். 2016-ல் அதே இடம், அதே வட்டம், திருப்பினால் வருவது கறுப்பு வெள்ளை, வண்ணச் சாயல், ஆர்ட் ஃபில்டர். படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நிதானமாகச் செய்யக்கூடிய வேலைக்குக் கேமராவின் நெற்றியையே கொடுத்துவிட்டார்கள். தட்டைத் தலையும் அப்படித்தான். உள்ளே திரும்புகிற கண்ணாடியே கிடையாது, வ்யூஃபைண்டர் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் திரை. மைத்தானி மண்டையை உடைத்துக்கொண்டு வாங்கிய தட்டைத் தலை இவர்களுக்கு இனாமாகக் கிடைத்தது. ஃபிளாஷ் ஒத்துப்போகும் வேகமோ 1/250. 53 வருஷத்துக்கு முந்தைய தகட்டு ஷட்டரைவிடப் பாதி.

அந்த டயலில் உள்ள கறுப்பு வெள்ளையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதில் உள்ள கறுப்பு வெள்ளை அமைப்புகளில் இரண்டாவதை, மோனோ ப்ரொஃபைல் 2-ஐப், போட்டுக்கொண்டு காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் எடுத்தேன். கூடைக்குள் மினுங்கும் செதில், ஈரத் தரையில் விழும் பல்பு வெளிச்சம், பேரம் பேசும் அக்காவின் கழுத்து நரம்பு, எல்லாம் தனித்தனியாக நிற்கிறது. நிழல் கறுப்பாக இருக்கிறது, ஆனால் செத்துப்போகவில்லை. துகளும் பொடியைத் தூவிவிட்டதுபோல் இல்லாமல், படத்தோடு சேர்ந்திருக்கிறது. ஐந்து அச்சில் நடுக்கத்தைத் தாங்குவதால் மங்கல் வெளிச்சத்திலும் கை தைரியமாக இருக்கிறது. 20 மெகாபிக்சல் படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட்டேன், குறையில்லை. அங்கே என்னை உறுத்தியது ஒன்றுதான்: இந்தக் கேமராவுக்குத் தண்ணீர், தூசித் தடுப்பு கிடையாது. உப்புத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டே நின்றேன். வந்தபோது லென்ஸ் இல்லாமலே 1,200 டாலர் சொன்ன கேமராவில் இது பெரிய குறை.

பழைய பென் எஃபின் 38 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை அடாப்டர் போட்டு இதில் மாட்டலாம். அவசியம் மாட்டிப் பாருங்கள். ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி ஓடும். சென்சார் ஹாஃப் ஃபிரேமைவிடச் சின்னது என்பதால், பழைய உடலில் சாதாரணப் பார்வை கொடுத்த லென்ஸ் இதில் முகம் எடுக்கிற லென்ஸாகிவிடும். படங்கள் மென்மையாக, நன்றாக வருகின்றன. இந்தக் கேமராவில் மைத்தானியின் கை எனக்கு நேரடியாகத் தெரிவது அந்த லென்ஸை மாட்டியிருக்கும்போதுதான்.

மெனு பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பெட்டிக்குள் பெட்டி. ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து அமைத்துவிட்டு மறந்துவிடுவது உடம்புக்கு நல்லது.

ஆக, இன்றைய சின்ன கேமராக்களில் அவர் கணக்கு எங்கேயாவது உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வேறு வீட்டில். 1979-ல் மைத்தானி செய்த எக்ஸ்.ஏ. கேமராவுக்கு உறையும் கிடையாது, லென்ஸ் மூடியும் கிடையாது. முன்பக்கத்தை மூடியிருக்கும் நகரும் கதவைத் தள்ளினால் 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் தயார். 225 கிராம்தான், ஆனால் முழு ஃபிரேம் படம். அதைப் போல் எப்போதும் பையில் கிடக்கிற கேமரா எது என்றால் 2019-ல் வந்த ரிகோ ஜி.ஆர். 3. பேட்டரியோடு 257 கிராம், பெரிய சென்சார், ஒரே ஒரு கூரான லென்ஸ், ஜூம் கிடையாது, அலங்காரம் கிடையாது. தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு பட்டனை அழுத்தும் ஸ்னாப் ஃபோகஸ், பென்னின் குத்துமதிப்பு ஃபோகஸின் சொந்தக்காரன். வ்யூஃபைண்டர் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. சென்னை வெயிலில் திரையைப் பார்த்து ஃபிரேம் கட்டுவது கஷ்டம்.

அதே ரிகோ நிறுவனம் 2024-ல் பென்டாக்ஸ் 17 என்று புது ஹாஃப் ஃபிரேம் ஃபிலிம் கேமராவே கொண்டுவந்தது. நேராகப் பிடித்தால் படம் செங்குத்தாக விழுகிறது, முதல் பென்னைப் போலவே. தூரத்தைப் படக்குறி பார்த்து வைக்கலாம். ஃபிலிம் லீவரைத் திரும்பச் செய்ய, ஓய்வுபெற்ற பொறியாளர்களைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. என் தொழிலில் அப்படிக் கேட்டுக்கொள்ள ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் கணக்கு தலைகீழ். இதில் காசு லீவருக்கும் உலோகத் தகட்டுக்கும் போயிருக்கிறது, லென்ஸில் மூன்றே கண்ணாடி. மைத்தானியாக இருந்தால் லீவரை எடுத்துவிட்டு நாலாவது கண்ணாடியைக் கேட்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

பென் வரிசையின் 50 ஆண்டை ஒட்டி, 2009 ஜூனில் முதல் டிஜிட்டல் பென் இ-பி1 அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதக் கடைசியில், ஜூலை 30 அன்று, மைத்தானி இறந்துபோனார். அவரை மதித்து ஒரு பென் செய்வதென்றால், மெனுவைப் பாதியாக வெட்டி, திரையைக்கூட எடுத்துவிட்டு, மிச்சப்பட்ட காசில் நல்ல லென்ஸ் ஒன்றைப் பதித்து, கல்லூரிப் பிள்ளை வாங்கும் விலையில் கொடுத்திருக்கவேண்டும். அப்படி ஒரு கேமரா இன்றுவரை ஒலிம்பஸ் பெயரில் வரவில்லை.

பென்-எஃப் வாங்க முடிவு செய்துவிட்டால், 17 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடு வாங்குங்கள், உடம்புக்குப் பொருந்தும். செகண்ட் ஹேண்டில் முன்பக்க டயல் ஒவ்வொரு நிலையிலும் சொடுக்கென்று நிற்கிறதா என்று பாருங்கள், ரிப்பேருக்கு எளிதாகத் திறக்கும் உடம்பல்ல அது. மைத்தானிதான் வேண்டும் என்கிறவர்கள் 1961-ன் பென் இ.இ. தேடுங்கள், பேட்டரியே வேண்டாத கேமரா. கடையில் லென்ஸைச் சுற்றியுள்ள, வெளிச்சத்தை அளக்கும் செலினியம் வளையத்தைக் கையால் முழுக்க மூடி, பட்டனை அழுத்துங்கள். வ்யூஃபைண்டருக்குள் சிவப்பு நாக்கு எழுந்து ஷட்டர் ஓட மறுத்தால், பிறகு வெளிச்சத்தில் காட்டும்போது ஓடினால், மீட்டர் உயிரோடு இருக்கிறது. வெளிச்சத்திலும் சிவப்பே வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள், செலினியம் செத்திருக்கும்.