தோட்ட ஆபீஸ் மென்பொருளுக்கு ரெப்போசிட்டரி வேண்டுமா? லாராவெலில் மூன்று வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் வலை மென்பொருள் எழுதுபவர்களுக்கு வரும் வேலை அநேகமாக இரண்டு வகைதான். ஒன்று, தோட்ட ஆபீசுக்குச் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு. மற்றது, செம்பனைக் குலை வாங்கும் மையத்துக்கு எடைச்சீட்டுக் கணக்கு. இரண்டிலும் திரைகள் கொஞ்சம், குவெரிகள் (டேட்டாபேசிடம் கேட்கும் கேள்விகள்) அதிகம். "மூன்றாம் டிவிஷனில் இந்த மாதம் யார் யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தார்கள்?" என்ற ஒரே கேள்வி வருகைத் திரையிலும் சம்பளச் சீட்டிலும் மாத அறிக்கையிலும் எக்செல் கோப்பிலும் வரும். அந்தக் குவெரியை எங்கே எழுதி வைப்பது என்பதில்தான், பிஎச்பி மொழியின் வலைச் சட்டகமான லாராவெலில் எழுதுபவர்களிடையே வாதம் ஓய்வதில்லை.

லாராவெலின் டேட்டாபேஸ் கருவியான எலோக்வென்ட்டை நேராகக் கன்ட்ரோலரில் (திரையின் கோரிக்கையைக் கையாளும் கிளாசில்) எழுதலாம். தரவு எடுக்கும் வேலையை மட்டும் செய்யும் ரெப்போசிட்டரி என்ற தனி அடுக்குக்குள் வைக்கலாம். மாடலிலேயே (ஒரு டேபிளைக் குறிக்கும் கிளாசிலேயே) ஸ்கோப்பாகவும் (பெயரிட்ட நிபந்தனையாகவும்), பெரிய அறிக்கைகளுக்குத் தனிக் குவெரி கிளாசாகவும் வைக்கலாம். என் தீர்ப்பு மூன்றாவதற்கே. ரெப்போசிட்டரிக்கும் ஓர் இடம் உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

கன்ட்ரோலரில் எழுதினால் முதல் வாரம் வேகமாக ஓடும். ஒரே திரையில் மட்டும் பயன்படும் குவெரிக்கு அதுவே போதும், அதைத் தூக்கிக்கொண்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை நான்கு இடத்தில் எழுதப்படும்போதுதான் சிக்கல். அதற்கு இந்த ஊர்க் கணக்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. லாராவெலின் நேர அமைப்பைத் தொடாமல் விட்டால் அது யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடும். மலேசியா 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 6 மணிப் பெரட்டு, டேட்டாபேசில் முந்தைய நாள் இரவு 10 மணி என்று பதிவாகும். மார்ச் 1 வருகை பிப்ரவரிக் கணக்கில் போய் விழும். மூன்று திரையில் திருத்தி நான்காவதை மறந்தால், சம்பளச் சீட்டு 26 நாள் என்றும் மாத அறிக்கை 25 நாள் என்றும் காட்டும். கிராணி (தோட்ட எழுத்தர்) எந்தத் தாளை நம்புவார்?

திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். மாதத் தொடக்கத்தையும் அடுத்த மாதத் தொடக்கத்தையும் கோலாலம்பூர் நேரத்தில் கணக்கிட்டு, இரண்டையும் யூடிசிக்கு மாற்றி, "தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், அடுத்த தொடக்கத்துக்குக் கீழ்" என்று கேட்க வேண்டும். தேதியை மட்டும் ஒப்பிடும் வேர்டேட் மெத்தடைப் போட்டால் எழுத எளிது. ஆனால் அது டேபிளின் தேதிப் பத்தியை ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றுவதால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அந்தப் பத்தியின் சாதாரண இண்டெக்சை (விரைவாகத் தேட உதவும் பட்டியலை) பயன்படுத்தாது. பல வருடச் செக்ரோல் சேர்ந்த டேபிளில் அது உறைக்கும்.

இந்த மாதிரி நிபந்தனை ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த இடம் ரெப்போசிட்டரியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

ரெப்போசிட்டரி போடும் முறை தெரிந்ததுதான்: ஓர் இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தடுகள் வேண்டும் என்ற ஒப்பந்தம்), அதை நிறைவேற்றும் ஒரு கிளாஸ், ஆப்சர்வீஸ்புரொவைடரில் இரண்டையும் பிணைக்கும் ஒரு வரி, கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில் இன்டர்ஃபேஸ் பெயர். அந்த ஒரு வரியை மறந்தால் "இன்டர்ஃபேசை உருவாக்க முடியாது" என்ற பிழையோடு பக்கம் நின்றுவிடும். இதுவரை தொல்லை சிறிதுதான்.

பெரிய தொல்லை உள்ளே இருக்கிறது. ஆல், ஃபைண்ட், கிரியேட், அப்டேட், டிலீட் என்ற ஐந்து மெத்தடுகளோடு ஒரு பொது ரெப்போசிட்டரி எழுதுகிறார்கள். எலோக்வென்ட் ஏற்கெனவே செய்வதை வேறு பெயரில் மறுபடி அழைப்பதைத் தவிர அதில் வேறு வேலை நடப்பதில்லை. அது திருப்பித் தருவதும் எலோக்வென்ட் மாடலே. பிளேட் (லாராவெலின் திரை வார்ப்புரு) பக்கத்தில் யாராவது தொழிலாளியின் வருகைப் பட்டியலைத் தொட்டால் அங்கிருந்தே குவெரி கிளம்பும். 120 தொழிலாளர் உள்ள டிவிஷனுக்கு 121 குவெரி: பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. வித் மெத்தடைப் போட்டு வருகைகளை முன்கூட்டியே எடுத்திருந்தால் 2. ரெப்போசிட்டரி எழுதியவருக்குப் பக்கம் எதைக் கேட்கும் என்று தெரியாது, பக்கம் எழுதியவருக்கு உள்ளே என்ன எடுக்கப்பட்டது என்று தெரியாது. பிறகு "டிவிஷன்படி", "டிவிஷன் மாதப்படி", "டிவிஷன் மாதப்படி வருகையோடு" என்று மெத்தடுகள் பெருகும். தப்பிக்க வித் பட்டியலை அளவுருவாக அனுப்பத் தொடங்குவார்கள். அந்த நிலையில் கையில் இருப்பது வசதி குறைந்த இன்னொரு குவெரி பில்டர்.

இதற்குக் காரணம் எலோக்வென்ட்டின் பிறவிக் குணம். மென்பொருள் வடிவமைப்பு நூலாசிரியர் மார்ட்டின் ஃபௌலர் 2002-இல் தொகுத்த வடிவங்களில் ஆக்டிவ் ரெக்கார்டும் ரெப்போசிட்டரியும் தனித்தனியாக வருகின்றன. ஆக்டிவ் ரெக்கார்டில், டேபிளின் ஒரு வரிசையைக் குறிக்கும் பொருளே தன்னைச் சேமித்துக்கொள்ளும். எலோக்வென்ட் அந்த வகை. பொருளுக்கு டேட்டாபேசே தெரியாத டேட்டா மேப்பர் மேல்தான் ரெப்போசிட்டரி இயல்பாக உட்காரும். சிம்ஃபொனி என்ற இன்னொரு பிஎச்பி சட்டகத்தில் எழுதுபவர்கள், டேட்டா மேப்பர் வகையான டாக்ட்ரினில் அதைச் சிரமமில்லாமல் பயன்படுத்துவது அதனால்தான். அங்கே பழகியவர் லாராவெலுக்கு வந்ததும் அதே அடுக்கைத் தேடுவது புரிந்துகொள்ளக்கூடியதே.

"நாளைக்கு டேட்டாபேசை மாற்றினால்?" என்று ரெப்போசிட்டரிக்காகச் சொல்லும் வாதத்தில் அதிகம் சத்து இல்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் எல்லாவற்றோடும் எலோக்வென்ட்டே பேசும். பெரும்பாலும் உடைவது கையால் எழுதிய எஸ்கியூஎல்தான். அதை ஓரிடத்தில் வைக்க ஒரு குவெரி கிளாஸ் போதும்.

மூன்றாவது வழியில், மேலே சொன்ன மாதக் கணக்கை வருகை மாடலில் ஒரு ஸ்கோப்பாக எழுதிவிடலாம். நான்கு திரையும் அதையே அழைக்கும். அதற்கு மேல் டிவிஷன், வரிசை, பக்கப் பிரிப்பு என்று அவரவர் தேவைக்குச் சங்கிலி நீளும். ஸ்கோப்புகள் பத்தைத் தாண்டினால் மாடலில் நியூஎலோக்வென்ட்பில்டர் மெத்தடை மாற்றி எழுதி, அவற்றைத் தனி பில்டர் கிளாசுக்கு நகர்த்துவது நல்லது. எல்லாக் குவெரியிலும் தானாகச் சேரும் குளோபல் ஸ்கோப்பை மட்டும் யோசித்துப் போடுங்கள். "வேலையில் இருப்பவர் மட்டும்" என்று தொழிலாளி மாடலில் போட்டுவிட்டால், வேலையை விட்டவரின் கடைசிச் சம்பளச் சீட்டும் காணாமல் போகும்.

மாதக் கடைசி ஓட்டம் போன்ற பெரிய வேலை தனிக் கிளாசில் இருக்கட்டும். அங்கே ஒரு கண்ணி உண்டு. பணம் கொடுக்காத எடைச்சீட்டுகளை, பகுதி பகுதியாக எடுக்கும் சங்க் மெத்தடில் 200, 200-ஆக எடுத்து, உள்ளேயே "கொடுத்தாயிற்று" என்று குறித்தால், அடுத்த சுற்று சுருங்கிப்போன பட்டியலில் 200-ஐத் தாண்டி எடுக்கும். 1,000 சீட்டில் 600 மட்டும் முடிந்து 400 எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் விடுபடும். சங்க்பைஐடி கடைசி ஐடியிலிருந்து தொடர்வதால் எதையும் விடாது. அதே போல, சம்பளம் எழுதுவதும் சீட்டைக் குறிப்பதும் ஒரே டிரான்சாக்ஷனில் (எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது எதுவும் நடக்காது) இருக்க வேண்டும். ரெப்போசிட்டரி மெத்தட் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேமித்து, நடுவில் மின்சாரம் போனால், அடுத்த மாதம் அதே குலைக்கு இரண்டாம் முறை பணம் போகும்.

சோதனைக்காகவே ரெப்போசிட்டரி போடுகிறோம் என்பவர்கள் உண்டு. போலி ரெப்போசிட்டரி நேரக் குழப்பத்தையும் பிடிக்காது, தவறான எஸ்கியூஎல்லையும் பிடிக்காது. நினைவகத்தில் ஓடும் எஸ்கியூலைட்டிலும் மைஎஸ்கியூஎல்லின் டேட் ஃபார்மட் ஃபங்ஷன் கிடையாது. உண்மையான மைஎஸ்கியூஎல் சோதனை டேட்டாபேசில், 2025 பிப்ரவரி 28 இரவு 10 மணி யூடிசிக்கு ஒரு வருகையைப் போட்டு, அது மார்ச் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். சம்பள விதி வேறு சங்கதி. 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. அந்த எண் எந்தக் குவெரியிலும் இருக்கக் கூடாது. அமலாகும் தேதியோடு தனி டேபிளில் வைத்து, எண்களை மட்டும் வாங்கிக் கணக்கிடும் சாதாரண கிளாசாக எழுதினால் போலி எதுவும் இல்லாமலே சோதிக்கலாம்.

ரெப்போசிட்டரி உண்மையாக உதவும் இடம், தரவு வெளியிலிருந்து வரும் இடம். ஓர் ஆலை எடைப் பாலத்துக் கணக்கைச் சிஎஸ்வி கோப்பாக, கிலோவில் தருகிறது: 12480. இன்னொன்று ஏபிஐ வழியாக, டன்னில் தருகிறது: 12.48. இங்கே "தேதிக்கு இடைப்பட்டவை", "சீட்டு எண்படி" என்ற இரண்டே மெத்தடுகளோடு ஓர் இன்டர்ஃபேஸ் வையுங்கள். ஆலைக்கு ஒரு கிளாஸ், சோதனைக்கு நினைவகத்தில் ஒன்று. டன்னைக் கிலோவாக்குவது அந்தந்தக் கிளாசுக்குள்ளேயே முடியட்டும். வெளியே வருவது முழு எண் கிலோ கொண்ட எளிய பொருளாக இருக்கட்டும், எலோக்வென்ட் மாடலாக வேண்டாம்.

ஏற்கெனவே எங்கும் ரெப்போசிட்டரி நிறைந்த மென்பொருள் கைக்கு வந்தால் ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். முதலில், முன்கூட்டியே எடுக்காத தரவைத் தொட்டால் பிழை காட்டும் பிரிவென்ட்லேசிலோடிங்கைச் சோதனைச் சூழலில் இயக்கி மறைந்திருக்கும் குவெரிகளை வெளியே வரவிடுங்கள். அடுத்து, மெத்தடுகளுக்குள் இருக்கும் நிபந்தனைகளை ஸ்கோப்புக்கு நகர்த்துங்கள். ஒரே ஒரு இடத்திலிருந்து அழைக்கப்படும் மெத்தடுகளை அதன் பிறகு ஒவ்வொன்றாக நீக்கலாம்.